அவளுடைய ஏழு மணி

அலுவலகத்தில் அவனுக்குப் பஞ்சாங்கம் என்று பெயர். நாள், நேரம், நாட்டுக்கு நாடு மாறும் கடிகாரம் என்று எந்தத் தலைவலி வந்தாலும் அவன் மேசைக்குத்தான் தள்ளிவிடுவார்கள். அவனுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. புதிதாகச் சேருகிறவர்களிடம், "யார் எந்த நேரத்தைத் தட்டினாலும் உடனே எந்த ஊர்லயும் மாறாத உலகப் பொது நேரத்துக்கு மாத்திச் சேமிச்சிடுங்க. அப்புறம் நிம்மதியாத் தூங்கலாம்" என்பான். ஆனால் கொஞ்ச நாளாக அவன் தூங்கவில்லை. ஊருக்குத்தானே உபதேசம்.

காரணம் மகள். மணவாழ்க்கை முறிந்த பிறகு, பதினொரு வயதுப் பெண் அம்மாவோடு வேறொரு கண்டத்துக்குப் போய்விட்டாள். வாரம் ஒரு தடவை வீடியோவில் பேசலாம் என்று ஏற்பாடு. அவளுக்கு ஞாயிறு மாலை ஏழு மணி. அப்போது இவனுக்குத் திங்கள் விடிந்திருக்கும். ஆசிரியர்களும் மாணவர்களும் நேரம் குறித்துக்கொண்டு திரையில் சந்திக்க ஓர் இணையதளத்தை அவன் நிறுவனம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. நேரம் குறிக்கும் பகுதியை எழுதியவன் அவன். மகளையும் அதிலேயே ஏழு மணி என்று தட்டச் சொன்னான். பிறகு வாராவாரம் தளமே இருவருக்கும் மணியடித்துக் கூப்பிட்டது. தான் கட்டிய வீட்டில் தானே குடியேறியது போல அவனுக்கு ஒரே பெருமை.

குளிர்காலம் முழுக்க நன்றாகத்தான் போனது. அவள் கணக்கு வாத்தியாரைப் போல நடித்துக் காட்டுவாள். இவன் கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு தின்ன மறந்து சிரிப்பான். பிறகு ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. தளம் மணியடித்தது, இவன் போய் உட்கார்ந்தான். திரையில் ஒரே ஒரு வரி நின்றது: 'அவர் இன்னும் வரவில்லை.' அந்த வரியை எழுதியதும் இவன்தான். காத்திருக்கிறவர்களிடம் மரியாதையாகச் சொல்வோமே என்று யோசித்து எழுதியது. அடுத்த வாரமும் அந்த வரியையே பார்த்தான். அதற்கடுத்த வாரமும்தான்.

அவள் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? ஆனால் கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்தான். 'அவளுக்கு உங்களோட பேச இஷ்டமில்ல' என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்துவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தான். வீட்டில் பேசவும் ஆளில்லை. சமைத்தால் ஒருவனுக்கு அதிகம், சமைக்காவிட்டால் பசி. துவைத்த துணியெல்லாம் மடிக்காமல் சோபாவில் கிடந்தது. வந்து உட்காருகிறவர் யாரும் இல்லாததால் அது அங்கேயே இருந்துவிட்டது.

இந்த நிலையில் ஒரு நாள் காலை, சோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் அம்மாள் அவன் மேசைக்கு வந்தாள். பிழை கண்டால் விடவே மாட்டாள் என்பதால் அவளுக்குக் குடைச்சல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ஒரு வயலின் டீச்சர் கோவமா எழுதியிருக்காங்க. 'வகுப்புக்கு நான் ஆறு மணின்னு தட்டினேன், அதை ஏழுன்னு மாத்த நீங்க யாரு'ன்னு கேக்குறாங்க."

"எந்த ஊர்க்காரங்க?"

"கோடை வந்தா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைப்பாங்கள்ல, அந்த மாதிரி ஊர். போன மாசம் தள்ளி வச்சிருக்காங்க. நம்ம தளம் வந்ததுக்கப்புறம் இதுதான் முதல் தடவை."

"எல்லாத்தையும் பொது நேரத்துலதானே சேமிச்சிருக்கோம். அது எப்படித் தப்பாகும்?"

"அதுதாங்க தப்பு. நடந்து முடிஞ்சதுக்கு உங்க பொது நேரம் சரி. வரப்போறதுக்கு அது ஆகாது. ஊர்க் கடிகாரம் நகந்துடுச்சு, நீங்க சேமிச்சது நகரல. அவங்க சொன்ன ஆறையும் ஊரையும் அப்படியே எழுதி வச்சிருந்தா இந்த வம்பே இல்ல."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. இவன் ஊரில் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை. மகள் இருக்கும் ஊரில் தள்ளி வைப்பார்கள். அவள் தன் ஏழு மணிக்கு வந்திருப்பாள். இவன் போய் உட்கார்ந்ததெல்லாம் அவளுடைய எட்டு மணிக்கு.

"என்னங்க, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல. சரிபண்ணிடறேன்."

படிக்கட்டுப் பக்கம் போய்ப் போன் போட்டான். அங்கே அவள் படுக்கப்போகும் நேரம். அவள் அம்மா எடுத்தாள். குரலைக் கேட்டதும் போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

"நீ வந்தியாம்மா? ஏழு மணிக்கு?"

"வந்தேனே. நீங்கதான் வரல. அவர் இன்னும் வரவில்லைன்னே இருந்துச்சு. அம்மா சாப்பிடக் கூப்பிடுற வரைக்கும் உக்காந்திருந்தேன்."

"தளம் மணியடிக்கலையா?"

"எட்டு மணிக்கு அடிச்சுது. இனிமே எதுக்குன்னு நான் தொடல."

அவன் விளக்கிச் சொன்னான். கடிகாரம் நகர்ந்ததையும், தான் எழுதியது நகராமல் நின்றதையும் சொன்னான். பொறுமையாகக் கேட்டாள்.

"இது எல்லாருக்கும் ஆச்சா, எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தாம்மா."

"அப்போ நீங்க வேணும்னு வராம இருக்கல."

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "அப்பா, ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு அம்மா என்னை நீச்சல்ல சேத்துட்டாங்க. நான் அழுதுக்கிட்டே இருந்தேன்ல, அதுக்குத்தான்."

"நல்லதும்மா. வேற எப்போ பேசலாம்?"

"தெரியல. அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

அந்த வாரமே பிழையைத் திருத்தினான். இனி யார் எந்த நேரத்தைத் தட்டினாலும் அது அவர்கள் ஊர்க் கடிகாரப்படியே இருக்கும். வயலின் டீச்சருக்கு அவருடைய ஆறு மணி திரும்பக் கிடைத்தது. குடைச்சல் நான்கு விதமாகச் சோதித்துப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக ஒரு குறையும் சொல்லாமல் போனாள். மகளிடமிருந்து மட்டும் இன்னும் தகவல் வரவில்லை.

திங்கட்கிழமை தளம் முன்னைவிட ஒரு மணி நேரம் சீக்கிரமாக மணியடித்தது. பழைய ஏழு மணிச் சந்திப்பை அவன் அழிக்கவில்லை; அழிக்கக் கை வரவில்லை. பல் துலக்காமலேயே போய் உட்கார்ந்தான். இந்நேரம் அவள் தண்ணீரில் இருப்பாள் என்று தெரியும். 'அவர் இன்னும் வரவில்லை' என்றது திரை. சந்திப்பு நேரம் முடியும் வரை அவன் எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை நேரம் சரியாகத்தான் இருந்தது.