கரி சுரண்டும் சத்தம்

உலைக்குள் இருப்பவன் சுரண்ட வேண்டும்; வெளியே இருப்பவன் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கரீமுல்லாவும் ஜவஹரும் சேர்ந்து செய்துவந்த வேலை இவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு வெளியே இருப்பவன் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் உள்ளே போனவனின் உயிர் அவன் காதில் இருந்தது.

பழைய பிளாஸ்டிக்கை உருக்கி எண்ணெய் எடுக்கும் உலை, படுக்கவைத்த ஒரு பெரிய இரும்பு உருளை. தண்ணீர் லாரியின் டாங்க் அளவு இருக்கும். எண்ணெய் ஆவியாகிப் போன பிறகு உட்சுவரில் கரி பிடித்துக்கொள்ளும். அடிப்பிடித்த பால் பாத்திரத்தைப் போல என்று சொல்லலாம். ஆனால் இது உள்ளங்கைக் கனத்துக்கு, கல் மாதிரி இருக்கும். அதை எடுக்காமல் மேலும் மேலும் எரித்தால் சூடு உள்ளே ஏறாது. வெளி இரும்பு பழுத்துப் பழுத்து ஒரு நாள் விரிசல் விடும். அப்படி விரிசல் விட்ட உலைகள் ஈக்காட்டுத்தாங்கலில் துரைராஜின் வெல்டிங் பட்டறைக்கு வந்து இறங்கும். கரியை எடுத்த பிறகுதான் அவர் ஒட்டுப் போட முடியும்.

எவ்வளவு ஆறவிட்டாலும் கரிக்கு அடியில் எங்காவது பழைய வாயு அடைந்து கிடக்கும். உளி பட்டதும் கிளம்பும். தலை சுற்றுகிறது என்று தெரிவதற்குள் ஆள் சாய்ந்துவிடுவான். முகமூடி எல்லா நேரமும் காப்பாற்றாது. இடுப்பில் கயிறு கட்டினால் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளில் சிக்கிக்கொள்ளும். அதனால் இருவரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சுரண்டும் சத்தம் நின்றால் வெளியே இருப்பவன் உடனே கூப்பிட வேண்டும்.

"பாய்!"

"உசுரோடதான் கீறேன்."

"கீறன்னா வாயத் தொறந்து சொல்லு. நிக்காஹ்ல சம்மதம் கேட்ட மாதிரி முணுமுணுக்காத."

"மூச்சு வாங்கக் கூட வுட மாட்டியாடா? என் மாமியாகூட என்னை இப்படி வேவு பாத்ததில்ல."

முதலில் பல வருடம் ஜவஹர்தான் உள்ளே போனவன். கொரோனாவுக்குப் பிறகு அவனுக்கு நெஞ்சில் இழுப்பு வந்தது. இனி உள்ளே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உளி கரீமுல்லாவின் கைக்கு வந்தது. ஜவஹர் வெளியே உட்கார்ந்தான்.

கொஞ்ச நாளாக அவன் உட்காரும் இடம் மாறியிருந்தது. உலையின் வாயருகே உட்காராமல், பக்கவாட்டில் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, இரும்பில் கைவைத்தபடி உட்கார்ந்தான். கேட்டதற்கு, "வாயாண்ட தூசு ஜாஸ்தி கீது பாய்" என்றான். இன்னொன்றும் சொன்னான்: "நீ கீறேன் கீறேன்னு கத்தாத. முகமூடில ஒண்ணும் புரியல. உளியால ரெண்டு தட்டு தட்டு, போதும்." கரீமுல்லாவுக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. சத்தம் நின்றபோதெல்லாம் "பாய்!" என்ற குரல் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அன்று சனிக்கிழமை. உலைக்குள் காற்றோட்டத்துக்கு வைக்கும் பழைய ஃபேன் தனியாக ஒரு ஸ்டாண்டில் நிற்கும். துரைராஜ் அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி, உலையின் பின்பக்கத் துளையிலேயே போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். "கரித்தூள் மொத்தத்தையும் இழுத்துடும் பாய். இனிமே நீங்க வெள்ளையாவே வூட்டுக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டு, மச்சினி கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க தி.நகருக்குக் கிளம்பிப் போனார்.

கரீமுல்லா உள்ளே போய்ப் பாதிச் சுவரை முடித்திருந்தான். மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. உளியைக் கீழே வைத்துவிட்டு விரல்களை நீவிவிட்டான். ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அழைப்பு வரவில்லை.

டீக்குப் போயிருப்பானோ என்று நினைத்தான். உடனே அந்த நினைப்பைத் தள்ளினான். ஆள் உள்ளே இருக்கும்போது ஜவஹர் ஒன்றுக்குக்கூட எழுந்து போனதில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தான். பிறகு முகமூடியைத் தூக்கிவிட்டு, "ஜவஹரு!" என்று கத்தினான். குரல் இரும்புக்குள் சுற்றிச் சுற்றி வந்து அவன் காதையே அடைத்தது. பதில் இல்லை. ஜவஹருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, கையை ஊன்றித் தவழ்ந்து வெளியே வந்தான்.

ஜவஹருக்கு ஒன்றும் ஆகவில்லை. முதுகைக் காட்டியபடி பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல அவன் உள்ளங்கை இரும்பில் படிந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன.

"ஜவஹரு."

எதிரே லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஜவஹர் திரும்பவில்லை.

போன மாதம் அவன் மனைவி புஷ்பம் போனில் சொன்னது கரீமுல்லாவுக்கு நினைவு வந்தது. "கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறாருண்ணே." "எந்தப் புருஷன்மா திரும்புறான்?" என்று இவன் சிரித்துவிட்டு போனை வைத்திருந்தான்.

கரீமுல்லாவும் இரும்பைத் தொட்டுப் பார்த்தான். போல்ட் போட்ட ஃபேனின் அதிர்வு உலை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் ஜவஹர் சுரண்டல் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறான். உள்ளே தான் செத்துக் கிடந்திருந்தாலும் அவன் இப்படியேதான், நிம்மதியாக, உட்கார்ந்திருப்பான்.

தோளைத் தொட கரீமுல்லாவுக்குக் கை வரவில்லை. சுவரோரம் போய் ஃபேனை நிறுத்தினான்.

கைக்கடியில் இரும்பு அடங்கியதும் ஜவஹர் துள்ளி எழுந்தான். "பாய்!" என்றான். கையை மறுபடி வைத்துப் பார்த்தான். "பாய்! தட்டு பாய்!" என்று அலறிக்கொண்டு உலையின் வாய்க்கு ஓடினான். முகமூடி இல்லை, ஒன்றும் இல்லை. தலையை உள்ளே விட்டுவிட்டான்.

"இங்க கீறேன்டா! இங்க!"

எவ்வளவு கத்தியும் பயனில்லை. கரீமுல்லா ஓடிப்போய் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தான். ஜவஹர் உதைத்தான். பிறகுதான் திரும்பிப் பார்த்தான். பார்த்ததும் கரீமுல்லாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு இழுக்க இழுக்க அழுதான்.

இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்தார்கள்.

"எத்தினி நாளா?" கரீமுல்லா காதைத் தொட்டுக் காட்டிக் கேட்டான்.

"ஒரு காது உள்ள வேலை செஞ்சப்பவே போய்டுச்சு. உளிமேல அடிக்கிற சுத்தியல் சத்தம்தான். இன்னொண்ணு கொஞ்சம் கொஞ்சமா போய்க்கினு இருந்துச்சு. புஷ்பத்தாண்டகூட சொல்லல." உள்ளங்கையைப் பார்த்தான். "கையில தெரியும் பாய். இதுவரைக்கும் ஒரு தபாகூட தப்பாச்சா, சொல்லு. இந்த ஃபேனுதான். கழட்டிட்டு பழசை வச்சிடலாம்."

கரீமுல்லா மணிக்கட்டை நீவிக்கொண்டிருந்தான்.

"இல்லாட்டி நான் உள்ள போறேன். நீ வெளிய குந்து. முன்ன அப்படித்தான இருந்தோம்?"

அந்தக் கொஞ்ச தூரம் ஓடிய மூச்சே அவனுக்கு இன்னும் அடங்கவில்லை. தொண்டையில் விசில் அடித்தது. தனக்காக முகமூடியில்லாமல் உள்ளே பாய இன்னொருவன் கிடைக்க மாட்டான் என்று கரீமுல்லாவுக்குத் தெரியும். வீட்டில் மனைவி நஸ்ருன்னிசாவும் மகள் சிம்ராவும் இருப்பதும் தெரியும்.

"இனிமே நீ வேணாம் ஜவஹரு" என்றான் மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு.

"இன்னா?"

இன்னொரு முறை சொன்னான். முதல் முறையைவிடக் குரல் சின்னதாகத்தான் வந்தது. ஜவஹர் கரி படிந்த அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

"மூஞ்சியப் பாத்து சொல்லு பாய்."

"நீ வேணாம்! இனிமே வேலைக்கு வராத!"

அது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். எதிரே லேத் நின்றது. டீ கிளாஸ்களோடு போய்க்கொண்டிருந்தவர் அப்படியே நின்று இருவரையும் பார்த்தார்.

ஜவஹர் தாடையிலிருந்து கையை எடுத்தான். விரலில் ஒட்டிய கரியை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"அதுக்கு ஏன் பாய் கத்துற" என்றான். "கேக்குது."