கூடிய இரண்டு கிலோ

மூன்று மாதம் வாயைக் கட்டியும் எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. டாக்டர் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, நான் காதில் பூ சுற்றுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்.

"வெளிய ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர். நாக்கே செத்துப்போச்சு."

ஆறு வயதில் எனக்கு ரத்தப் புற்றுநோய். அன்று உயிரைக் காப்பாற்றிய மருந்தே இதயத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டது என்பது முப்பது வயதில்தான் தெரிந்தது. சர்க்கரையும் வாசலில் வந்து நிற்கிறது. நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். அத்தனை மாடியும் படியேறித்தான் போகவேண்டும். அடுத்த பரிசோதனைக்குள் எடை குறையாவிட்டால் இந்த வேலையை விட்டுவிடச் சொன்னார் டாக்டர். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

எரிச்சலில் வேலைக்குப் போகாமல் நேரே வீட்டுக்குப் போனேன். அந்த நேரத்தில் அம்மா என்னை எதிர்பார்க்கவில்லை. அடுப்பில் எனக்கான காய்கறி சூப். அதில் வெண்ணெய் போட்டு, மூன்று கரண்டி பால் பவுடரைக் கொட்டி, கட்டி தட்டாமல் கலக்கிக்கொண்டிருந்தாள். கையும் களவுமாக மாட்டியும் கரண்டியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை அவளுக்கு.

"என்னம்மா இது? என்னைக் கொல்லப் பாக்குறியா?" என்று கத்தியே விட்டேன்.

"முதல் மாசம் ஒண்ணரை கிலோ குறைஞ்சுட்டேன்னு குதிச்சுக்கிட்டு வந்து சொன்னியே. அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்லடா. அப்பவும் முதல்ல எடைதான் குறைஞ்சுது."

சிகிச்சை நடந்த காலத்தில் நர்ஸ் சொல்லிக்கொடுத்தது அது: எதைக் கொடுத்தாலும் வெண்ணெயும் பால் பவுடரும் சேர்த்துக் கொடுங்கள். எனக்கு அரைக் கிலோ கூடினால் வார்டே கொண்டாடும். அந்த உத்தரவை யாரும் அம்மாவிடம் திரும்பப் பெறவில்லை, நான் உட்பட. கத்தியதற்கு வெட்கமாக இருந்தது.

மறுவாரம் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"ரத்தம் சுத்தமா இருக்கும்மா," என்று ரிப்போர்ட்டைக் காட்டினார் டாக்டர். "இப்ப எடை குறைஞ்சாத்தான் உங்க பையன் இதயத்துக்கு நல்லது."

அம்மா தலையாட்டினாள். நம்பினாளா என்பது வேறு விஷயம். ஆனால் சூப் தண்ணியானது; பால் பவுடர் டப்பாவை அவளே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து வீட்டில் எடை மெஷினில் ஏறினேன். இரண்டரை கிலோ குறைந்திருந்தது. சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

எண்ணைப் பார்த்தாள். ஈரக்கையைத் துடைத்துவிட்டு, இரண்டு விரலால் என் தாடைக்கடியில் அழுத்திப் பார்த்தாள். பிறகு கழுத்து. பிறகு கையைத் தூக்கச் சொல்லி அக்குள். கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று, ஆறு வயதில் தினமும் தேடிய அதே வரிசையில்.

"ஒண்ணும் இல்ல," என்றாள்.

கழுத்தை இன்னும் நன்றாக நிமிர்த்தினேன்.

"இன்னொரு தடவை பாத்துக்கம்மா."