வழிமொழிந்தவர்

மக்களாட்சி என்னும் மாளிகையைத் தாங்கி நிற்பது தனிமனிதனின் குரலே. அத்தகைய குரல் ஒன்று எங்கள் நகர மன்றத்தில் இருபது ஆண்டுகள் ஓயாமல் முழங்கியது. முழங்கியது என்னவோ ஒரே சொல்தான்: “வழிமொழிகிறேன்.”

யார் எந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தாலும் அதை ஆதரித்து இன்னொரு உறுப்பினர் வழிமொழிய வேண்டும்; இல்லாவிட்டால் அது அங்கேயே செத்துப்போகும். அந்த இன்னொருவர் எப்போதும் அவர்தான். சாக்கடையோ, தெருவிளக்கோ, தலைவர் அறைக்கு ஏசியோ, பேசுகிறவர் முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுவார். காகிதத்தைப் படிக்கும் கெட்ட வழக்கமெல்லாம் கிடையாது. சக உறுப்பினர்கள் அவருக்கு ‘ஆமாஞ்சாமி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காதுபடவே கூப்பிட்டார்கள்.

மனைவி போனபின் அவருக்குத் துணை வீட்டுக்கு எதிரே இருந்த பஸ் ஸ்டாப்தான். வாசலில் நின்றால் போதும், யாராவது “என்ன சார், பஸ் போயிடுச்சா?” என்று கேட்பார்கள். திடீரென்று அதை அடுத்த தெருவுக்கு மாற்றிவிட்டார்கள். மகள் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். “சாப்டியாப்பா? சரி, வெச்சிடறேன்.” அந்த வாரத்துப் பேச்சு அதோடு சரி.

ஆகவே வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். பழைய ஸ்டாப் இருந்த இடத்தில் ஒரு பெஞ்சு.

“பஸ்ஸே வராத இடத்துல எவன்யா உக்காருவான்?” என்றது பின்வரிசை.

“நடந்து வர்றவங்க... கால் வலிச்சா...”

“யாராவது வழிமொழியறீங்களா?” என்றார் தலைவர்.

மின்விசிறி சுற்றியது. ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பழக்க தோஷம், ஆமாஞ்சாமியின் கை தானாக மேலே போனது.

“வழிமொழிகிறேன்.”

மன்றமே குலுங்கிச் சிரித்தது. “ஐயா, உங்க தீர்மானத்துக்கு நீங்களே வழிமொழியக் கூடாது” என்றார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“அப்போ அந்த ஸ்டாப்பை மாத்தின புண்ணியவான் யாருன்னாவது சொல்லுங்க.”

“முன்மொழிஞ்சது நான். வழிமொழிஞ்சது நீங்க.”

அன்று மாலை சாப்பாட்டு மேசையிலிருந்து இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய் எதிரே, பழைய ஸ்டாப் இருந்த இடத்தில் போட்டார். ஒன்றில் உட்கார்ந்தார். இன்னொன்றைத் துண்டால் துடைத்து வைத்தார்.

இருட்டும் நேரத்தில், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி இரண்டு கையிலும் பைகளோடு வந்தாள்.

“கொஞ்சம் உக்காந்துக்கவா சார்? முன்னாடி இங்கயே பஸ் நிக்குமாமே. இப்ப அடுத்த தெருவுலேருந்து சுமந்துட்டு வரேன்.”

“உக்காரும்மா, உக்காரு.”

“இந்த வார்டுக்குக் கவுன்சிலர்னு ஒருத்தன் இருக்கானாமே, தூங்கறானா அவன்?”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அதற்குள் அவள் பைகளை எடுத்துக்கொண்டு எழப் போனாள்.

“தூங்கத்தாம்மா செய்யறான்” என்றார் அவசரமாக.

பைகள் மறுபடி கீழே இறங்கின. அவள் கவுன்சிலரைத் திட்டினாள். அவர் வழிமொழிந்தார்.