துருப்பிடிக்காத அரிவாள்

புன்னக்காயல் படகுத்துறையில், பட்டப்பகலில், ஊர் பார்க்க ஷிபினை வெட்டிச் சாய்த்தான் பாக்கியசீலன். வலை போடும் எல்லைத் தகராறு. தடுக்க நீட்டிய கையும் தனியாகக் கிடந்தது.

ஷிபினின் தம்பி ஹெப்ரான் அழவில்லை. அடக்கம் முடிந்த கையோடு வீட்டு அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, பாளையங்கோட்டையில் பட்டறை வைத்திருக்கும் அக்கா ஜெபராணியிடம் வந்தான்.

ஜெபராணி படகு இரும்புகளுக்குப் பச்சைப் பூச்சு போடுகிறவள். ஈயம், குரோமியம் எதுவும் சேராது, ஆற்று மீனைக் கொல்லாது. மின்சாரம் கடத்தும் பாலிமர் அது. பட்டதும் இரும்பு தன்மேல் தானே ஒரு மெல்லிய தோலைப் போட்டுக்கொள்ளும், துரு அண்டாது. ஒரே நிபந்தனை, அடியில் உப்பு இருக்கக் கூடாது. இருந்தால் மேலே மினுக்கும், உள்ளே அரித்துத் தின்னும்.

“அவன் ஜாமீன்ல வாரவரைக்கும் இத ஆத்து மணல்ல புதைச்சு வைக்கப் போறேன். துரு ஏறப்புடாதுக்கா,” என்றான் ஹெப்ரான்.

“ஏலே, ஒருத்தன் மண்ணுக்குள்ள போயாச்சு. நீயும் ஜெயிலுக்குப் போயிட்டா எனக்கு யாருல இருக்கா?”

“பூசாட்டா போ. துருப்பிடிச்சத வச்சே அறுப்பேன்.”

மூளை கெட்டவன், சொன்னால் செய்வான். ஜெபராணி அரிவாளை வாங்கிக்கொண்டாள். கைப்பிடியைக் கழற்றினால், அதற்குள் நுழையும் முனை ஏற்கெனவே பாதி அரித்திருந்தது. அதை உப்புத் தண்ணீரில் முக்கிக் காயவைத்து, கழுவாமல் மேலே பூசி, கைப்பிடியை அடித்து இறக்கினாள். வெளியே தெரியும் அலகுக்கு மட்டும் சுத்தமாகப் பூசினாள். தொழிலில் அவள் செய்த முதல் களவாணித்தனம் இது. தம்பி கொலைகாரன் ஆகக் கூடாது, அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மழைக்காலம் போய் பாக்கியசீலன் வெளியே வந்தான். ஹெப்ரான் மணலைத் தோண்டினான். பழிவாங்கும் அவசரத்தில் எவன் கைப்பிடியை ஆட்டிப் பார்க்கிறான்? அதே படகுத்துறைக்கு ஓடி, ஓங்கி வெட்டினான். பாக்கியசீலனின் தோள் பிளந்தது. அலகு முறிந்து சேற்றில் விழுந்தது. ஹெப்ரான் கையில் வெறும் கட்டை. பாக்கியசீலனும் வெறுங்கையோடு வரவில்லை. கை ஓயும்வரை வெட்டினான். ஆஸ்பத்திரியில் ஜெபராணி தம்பியைக் காலில் இருந்த தழும்பைப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னாள்.

அலகின் பச்சை நிறத்தைப் பார்த்து அவள் பட்டறைக்கு வந்த இன்ஸ்பெக்டர் முறிந்த அலகை மேசைமேல் வைத்தார்.

“என்ன பெயிண்டும்மா இது? அவன் தோண்டின குழியையும் பாத்தோம். இவ்வளவு நாள் ஈர மணலுக்குள்ள கெடந்தும் ஒரு பொட்டுத் துரு இல்லயே.”

அலகு பச்சையாக மின்னியது. ஜெபராணி அது முறிந்த இடத்தையே பார்த்தாள்.

“நல்லாப் பூசினா பிடிக்காது சார்,” என்றாள்.