முகமூடிக்கு உள்ளே இருந்தவன்

வட இங்கிலாந்தின் ரோச்டேல் ஊரில் இழுத்து மூடிய வங்கிக் கிளை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, கையில் இருந்ததை வைத்து ஒரு கொள்ளைப் படம் எடுத்தார்கள். கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் நெவில் அக்ராய்டு. அதுவரை தொலைக்காட்சித் தொடர்களில் பிணமாகவும் பேருந்துப் பயணியாகவும் வந்து போனவனுக்குத் தலை நரைத்த பிறகு கிடைத்த முதல் பெரிய வேடம்.

படம் முழுக்க ரப்பர் முகமூடி. கடைசிக் காட்சியில், குண்டடிபட்டு விழும் தலைவன் அதைக் கழற்றுவான். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நெவில் ஒப்புக்கொண்டான். பிப்ரவரிக் குளிர், கணப்பு இல்லாத கட்டடம். விட்ட மூச்சு முகமூடிக்குள்ளேயே தண்ணீராக வழிந்தது. கதவை உடைத்தான், படிக்கட்டில் உருண்டான், முட்டி வீங்கியது. வீட்டுக்குப் போனால் மனைவி பெரில் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை முட்டியில் வைத்து அழுத்துவாள்.

"உன் மூஞ்சி தெரியறதுக்குள்ள கால் போயிடும் போலிருக்கே."

வாய்தான் அப்படி. கடைசிக் காட்சியைப் பற்றித் தெருவெல்லாம் சொல்லி வைத்ததும் அவள்தான்.

அந்தக் காட்சிக்கு முந்தைய நாள் தயாரிப்பாளர் டமாரா தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். லண்டன்காரி என்றாலும் நல்ல பெண். போஸ்டரில் தெரிந்த முகம் இல்லாவிட்டால் படத்தை வாங்க ஆளில்லை என்றாள். பிரபலமான தொடர் நடிகர் ஒருவர் ஒரே ஒரு நாள் வருகிறார். முகமூடியைக் கழற்றினால் உள்ளே அவர் முகம் இருக்கும். காசில்லாத படங்களில் இது வழக்கம்தான்.

"சங்கடமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க நெவில். அவரை வர வேண்டாம்னு சொல்லிடறேன். நிஜமாத்தான் கேக்கறேன்."

அந்த ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுக்க நெவிலுக்கு மனமில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்பார்கள். எனக்கு இது வேண்டும் என்று சொல்வதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்வது மேல் என்று வளர்ந்தவர்கள்.

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. படம் நல்லா வந்தாச் சரி."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா. இன்னொரு பிஸ்கட் இருக்கா?"

பிஸ்கட் கேட்கத் தெரிந்த வாய்க்கு மற்றதைக் கேட்கத் துப்பில்லை.

பெரிலிடம் இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் படம் திரையிடும் ஞாயிற்றுக்கிழமை மதியமே வந்துவிட்டது. பெரில் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, பாதித் தெருவைக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். தலைவன் விழுந்தான். முகமூடியைக் கழற்றினான்.

"டேய் நெவில், எப்படா இவ்வளவு அழகா ஆனே?" என்று பின்னாலிருந்து பக்கத்து வீட்டுக்காரன் கத்தினான். அரங்கமே சிரித்தது.

வெளிக்கூடத்தில் பெரில் கேட்டாள்: "உன்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"இல்ல," என்றான் நெவில். "கேக்கவே இல்ல."

அவள் முகம் சிவந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவனுக்காக அவள் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. அவனோடு போடவே நேரம் சரியாக இருந்தது. இன்று அவன் தடுப்பதற்குள் டமாராவின் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"ஏம்மா, குளிர்ல கிடந்து முட்டியை உடைச்சுக்கிட்டது என் புருஷன். அந்த மனுஷனை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

தெருக்காரர்கள் சுற்றி நின்றார்கள். டமாரா திகைத்துப்போனாள்.

"கேட்டேனேங்க. வேண்டாம்னா நிறுத்திடறேன்னு திருப்பித் திருப்பிக் கேட்டேன். அவர்தான் ஒண்ணுமில்லைன்னார்."

பெரில் திரும்பி நெவிலைப் பார்த்தாள். திட்டட்டும் என்று அவன் காத்திருந்தான். திட்டினால் பிழைத்துக்கொள்ளலாம்.

"மன்னிச்சுக்கம்மா, எனக்குத் தெரியாது," என்று அவள் டமாராவிடம் சொன்னாள்.

பேருந்தில் நெவில் தன் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தான். பெரில் அவனைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரியோடு உட்கார்ந்துகொண்டாள்.