காயாத மண்

அப்பாவின் நெற்றியில் உட்கார்ந்த பொடி ஈயை அவள் அட்டையால் விசிறித் துரத்தினாள். அது மூக்கு நுனிக்குப் போனது. அங்கிருந்து விரட்டினால் கண்ணிமைக்கு வந்தது. விடிகாலை ஐந்தேகாலுக்கு உயிர் போயிருந்தது. இப்போது மணி பத்து. இவ்வளவு நேரமும் அவள் அழவில்லை, ஈயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதுக்குள்ளயேவாம்மா ஈ வருது?"

அவளுக்குச் சுருக்கென்றது. "இது அந்த ஈ இல்ல டீச்சர். தொட்டிச் செடியில இருந்து வர்றது. ரெண்டு மாசமா இருக்கு."

"சரிம்மா, சரிம்மா" என்றார் டீச்சர், கொஞ்சமும் நம்பாமல்.

கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து கட்டிலோரத்துத் தொட்டிகளைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

மகள் மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். எந்த மாத்திரை எப்போது என்று நாளெல்லாம் அடுத்தவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறவள். அப்பா படுக்கையில் விழுந்ததும் நான்கு மாதம் விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். உடம்பு நாற்பத்தைந்து கிலோவைத் தொட்டால்தான் அடுத்த சிகிச்சையைத் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா நாற்பத்தொன்றில் இருந்தார். நாலே நாலு கிலோதானே என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். சத்துமாவுப் பாலை நாளைக்கு நான்கு டம்ளர் கலக்கினாள். சுவரில் அட்டவணை ஒட்டி, குடித்த டம்ளருக்கெல்லாம் டிக் போட்டாள். முப்பது வருடம் பஸ் ஓட்டிய அப்பா அதைப் பார்த்துவிட்டு, "டிப்போவுலகூட இவ்வளவு கெடுபிடி இருந்ததில்ல, ஆபீசர்" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பெயரே ஆபீசர்தான்.

டிக்குகள் ஏறின, கிலோ ஏறவில்லை. மாவை மாற்றிப் பார்த்தாள். டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டாள். குடிக்கிறதெல்லாம் எங்கே போகிறது என்று டாக்டரும் மண்டையைக் குடைந்துகொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா, சமையலறை ஜன்னலில் இருந்த ஐந்து தொட்டிகளையும் தன் கட்டிலோரமாகக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். மூன்று புதினா, இரண்டு கொத்தமல்லி. "பச்சையைப் பாத்துட்டே படுத்திருக்கலாம்ல" என்றார். அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். வாழ ஆசை வந்துவிட்டது என்று நினைத்தாள்.

இரண்டே வாரத்தில் ஈக்கள் வந்தன. மேல்மண் ஈரமாக இருந்தால் அதில் முட்டையிடும், நன்றாகக் காயவிட்டால் போய்விடும் என்று படித்துத் தெரிந்துகொண்டாள். மஞ்சள் ஒட்டு அட்டை செருகினாள். மண்ணின் மேல் ஒரு விரல் கனத்துக்கு மணல் பரப்பினாள். கடைசியில் தண்ணீர் ஊற்றுவதையே நிறுத்தினாள். ஒட்டு அட்டை கருப்பாகிக்கொண்டே போனதே தவிர ஈக்கள் குறையவில்லை. தூக்கி எறிந்திருக்கலாம். ஆனால் அப்பா கேட்டு வாங்கி வைத்துக்கொண்ட ஒரே பொருள் அது.

டீச்சர் போனதும் அவள் எழுந்தாள். பார்க்க வருகிறவர்கள் இன்னொரு முறை அப்படிக் கேட்கக் கூடாது. தொட்டிகளை பால்கனியில் வைத்துக் கதவை மூடிவிட வேண்டும்.

"இப்ப அதை எதுக்குத் தொடற? அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் அம்மா.

"ஒரு நிமிஷம்மா."

முதல் தொட்டியைத் தூக்கியதுமே கனம் கையைக் கீழே இழுத்தது. ஒன்பது நாளாகச் சொட்டுத் தண்ணீர் விடாத தொட்டி அது. பால்கனிக்குக் கொண்டுபோய் மணலை விலக்கினாள். அடியில் மண் கூழாக இருந்தது. அதன்மேல் வெள்ளையாக ஆடை படிந்திருந்தது. நூல் நூலாகப் புழுக்கள் நெளிந்தன. குப்பென்று புளித்த பால் வாடை அடித்தது. வாடைக்குள் வனிலா. போன மாதம் மாற்றி வாங்கிய மாவு வனிலாதான்.

மற்ற நான்கையும் கிளறினாள். ஐந்துமே அப்படித்தான் இருந்தன.

முதலில் அப்பாமேல்தான் கோபம் வந்தது. திருட்டுத்தனமாகக் கொட்டியிருக்கிறாரே, சின்னப் பிள்ளை மாதிரி. பிறகுதான் உறைத்தது. மூன்று வாரமாக அப்பாவால் டம்ளரைப் பிடிக்கவே முடியவில்லை. 'நீ போய்க் குளிச்சிட்டு வா, நான் குடுக்கறேன்' என்று சொன்னது அம்மா. அவள் தலை துவட்டிக்கொண்டு வரும்போது காலி டம்ளரோடு நின்றது அம்மா. இந்த மூன்று வாரமும் அட்டவணையில் டிக் போட்டதும் அம்மா.

"அம்மா, இங்க கொஞ்சம் வா."

அம்மா வந்தாள். தொட்டிகளைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை.

"நீயா?"

"அவரு வேணாம்னுட்டாரு."

"எதை?"

"எல்லாத்தையும்தான். அந்த ஊசி, ஆஸ்பத்திரி, எதுவும் வேணாம்னாரு. எடை ஏறினாத்தானே கூட்டிட்டுப் போவா, ஏறாம பாத்துக்கலாம்னு சொன்னாரு."

"என்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பியா நீ?"

விட்டிருக்க மாட்டாள். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"நான் லீவு போட்டுட்டு வந்து நாலு வேளையும் கலக்கிக் கலக்கிக் குடுக்கறேன். ரெண்டு பேரும் வாங்கி வச்சுட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் மண்ணுல கொட்டிட்டு... சிரிச்சீங்களா?"

"பைத்தியம் மாதிரி பேசாத."

"சொல்லும்மா. சிரிச்சீங்களா?"

அம்மா குனிந்து, சிதறிய மணலைக் கையால் ஒதுக்கினாள். "ஒரு தடவ" என்றாள். "நீ மணல் வாங்கிட்டு வந்து பரப்பின அன்னிக்கு. 'நமக்கு மூடி போட்டுக் குடுத்துட்டா ஆபீசர்'னாரு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் அவரு அழுதாரு."

அவள் கையில் ஒட்டியிருந்த மண்ணை நைட்டியில் துடைத்துக்கொண்டாள். துக்கத்தைவிட முதலில் வந்தது அவமானம். இந்த வீட்டில் ஒரு முடிவு எடுத்து, அதற்கென ஒரு ரகசியம், ஒரு நகைச்சுவை என்று இரண்டு பேர் வாழ்ந்திருக்கிறார்கள். அவள் பக்கத்து அறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கடைசி வரைக்கும் நீ சந்தோஷமா கலக்கிட்டு வருவியேம்மா" என்றாள் அம்மா. "அதைக் கெடுக்க எங்களுக்கு மனசு வரல."

எங்களுக்கு. அந்தச் சொல்தான் அவளை அறைந்தது. அவள் அம்மாவை விலக்கிக்கொண்டு உள்ளே போய் உடை மாற்றினாள்.

பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்தது. டிரைவரும் உதவியாளரும் மேலே வந்தார்கள். இன்னும் இரண்டு பேர் வேண்டுமா என்று டீச்சர் கேட்டார். உதவியாளர் அப்பாவின் தோளுக்கடியில் கைகொடுத்து லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வேணாங்க, நாங்களே போதும்" என்றார். மாடிப்படியில் அவர்கள் எங்கும் நின்று மூச்சு வாங்கவில்லை.

உதவியாளர் தன் பைக்கில் முன்னால் கிளம்பினார். வண்டியின் பின்பக்கம் நீளவாட்டில் ஒரு பெஞ்சு இருந்தது. அம்மா ஏறி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பிறகு ஒதுங்கி மகளுக்கு இடம் விட்டாள். அந்த இடத்தைக் கையால் ஒருமுறை தடவித் துடைத்தாள்.

"வாம்மா."

அவள் பின்கதவைச் சாத்தினாள். நடந்து முன்னால் வந்து டிரைவர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். டிரைவர் அவசரமாகத் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக் காலடியில் வைத்தார்.

"அம்மா பின்னாடி தனியாவா வர்றாங்க?" என்று கேட்டார்.

"தனியா இல்ல" என்றாள். "ரெண்டு பேரு இருக்காங்க."

டிரைவர் ஒருமுறை திரும்பிப் பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார்.