ஐம்பது ரூபாய் உண்மை

உண்மை ஒன்றுக்கு ஐம்பது ரூபாய். மண்ணரையில் நாச்சிமுத்துவின் பனியன் கம்பெனியில், இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் தை மாதம் நிர்ணயமான விலை. பேரம் கிடையாது, கை மேல் ரொக்கம்.

விலை வைத்தவள் முதலாளி மகள் சத்யப்பிரியா. கோயமுத்தூரில் எம்.பி.ஏ. முடித்து வந்து, அப்பாவை மாடி அறையில் உட்கார வைத்துவிட்டு, கீழே நிர்வாகத்தைக் கையில் எடுத்திருந்தாள். தப்பைக் கண்டவர் வந்து சொன்னால் ஐம்பது ரூபாய் என்று ஒரு போர்டு எழுதினாள். பக்கத்திலேயே இன்னொன்று: 'ஸ்டூலில் சொந்தச் சாமான் வைக்கக் கூடாது.'

சாமான் என்றது மெத்தையை. ஒவ்வொரு டெய்லரும் வெட்டுத் துண்டுகளை அடைத்துத் தானே தைத்த குட்டி மெத்தையைப் போட்டுத்தான் உட்காருவார்கள். ஒன்று கோடு போட்டது, ஒன்று கரடி பொம்மை போட்டது. ஆடிட்டுக்கு வருகிற வெள்ளைக்காரன் சந்தைக்கடை என்று நினைப்பானே என்று சத்யப்பிரியாவுக்குக் கூச்சம். மெத்தைகள் போர்டை மதிக்கவில்லை.

நாச்சிமுத்து நிர்வாகம் பண்ணின விதம் வேறு. பதினோரு மணி டீக்கு மெஷின்களுக்கு நடுவில் வந்து நிற்பார். ஓவர்லாக் மெஷின் ஓட்டும் ஜெபக்குமார் தொடங்குவான்.

"மொதலாளி, வீரபாண்டில பீசுக்கு இருபது பைசா கூடத் தாராகளாம்."

"அப்ப எனக்கும் அங்க ஒரு வேலை கேட்டு வையி சாமி."

"ஒங்களுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாதே, மொதலாளி!"

"அதுனாலதானப்பா மொதலாளியா இருக்கறேன்."

சிரிப்பு அடங்குமுன் பேரம் எட்டுப் பைசா உயர்வில் முடிந்துவிடும். சத்யப்பிரியா இதை ஒழுங்கீனம் என்று நிறுத்தினாள். டீ அவரவர் மெஷினுக்கே வந்தது. பேரம் பேசுகிறவன்தான் வாங்க வந்தவன், விலையே கேட்காதவன் அடுத்த கடைக்குப் போகிறவன் என்பது வியாபாரி வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாததல்ல. அது கடைத்தெருவுக்கு மட்டும் என்று நினைத்துவிட்டாள்.

முதல் ஐம்பதை வாங்கியவள் முன்வரிசை முத்துப்பேச்சி. மகளுக்குப் பள்ளிக்கூடச் செருப்பு வாங்க வேண்டியிருந்தது. பக்கத்து மெஷின் முனீஸ் கிழிந்த பீஸ்களை மேசைக்கடியில் ஒளித்து வைக்கிறான் என்றாள். அன்று சாயங்காலமே முனீஸை வேலையை விட்டு அனுப்பினார்கள். அப்புறம் ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள்: இவள் நேரம் கழித்து வந்தாள், அவன் கக்கூஸில் செல்போன் பேசினான். மாசி பிறந்ததும் யாரும் வரவில்லை. கம்பெனிக்குள் மெஷின் சத்தம் தவிர மனுஷக் குரல் இல்லை. தப்பெல்லாம் தீர்ந்துபோனது என்று சத்யப்பிரியா மகிழ்ந்தாள்.

ஜெர்மன் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. புதன்கிழமை கன்டெய்னர் கிளம்பியாக வேண்டும். தவறினால் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். வீட்டுப் பத்திரமோ ஏற்கெனவே பேங்கில் இருந்தது.

அதற்கு முந்தின வாரம்தான் மெத்தைகள் மறையத் தொடங்கின. செவ்வாய்க்கிழமை நாலு, வியாழக்கிழமைக்குள் பாதி. ஒரு வழியாகப் போர்டு வேலை செய்கிறது என்று நினைத்தாள்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு எல்லோரும் போனார்கள். கூட நடக்க ஆளில்லாததால் முத்துப்பேச்சி எப்போதும் கடைசி. சத்யப்பிரியா அவளை நிறுத்தினாள்.

"முத்துப்பேச்சி, எல்லாரும் சொன்னதைக் கேட்டுட்டாங்க. உன் மெத்தை மட்டும் ஏன் இன்னும் கிடக்குது?"

அவள் திரும்பிப் பின்வரிசைகளைப் பார்த்தாள். வெறும் ஸ்டூல்கள். மெல்ல நடந்து ஒவ்வொரு ஸ்டூலையும் தொட்டுக்கொண்டே கடைசி வரை போனாள்.

"எல்லாருமா எடுத்துட்டாக, மேடம்?"

"போர்டு போட்டிருக்கேனே!"

"போர்டுக்கு எடுக்கல. மெத்தைய எடுத்துட்டா ஆளு வராது, மேடம். போற எடத்துல போட்டு ஒக்காரத்தான் எடுப்பாக."

சத்யப்பிரியா ஜெபக்குமாருக்குப் போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப்.

"எங்க போறாங்க? சொல்லு, ஐநூறு தர்றேன்."

முத்துப்பேச்சி கடைசி ஸ்டூலை மெஷினுக்கடியில் தள்ளினாள்.

"ஆயிரம்!"

"எங்கிட்ட விக்க உண்மை ஏது, மேடம்? முனீஸக் காட்டிக் குடுத்தன்னைக்கே எல்லாரும் எங்கூடச் சோறு திங்கிறத விட்டுட்டாக. நான் வந்தா பேச்ச நிறுத்திருவாக. முழு லைனும் கெளம்பிருக்கு, என்னைய ஒரு வார்த்த கூப்பிடல."

திங்கட்கிழமை எட்டரைக்குச் சங்கு ஊதியது. லைட்டெல்லாம் எரிந்தது. கரடி பொம்மை மெத்தை மேல் முத்துப்பேச்சி உட்கார்ந்து, தன் மெஷினை மட்டும் ஓட்டினாள். காலியான கூடத்தில் அந்த ஒற்றைச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

மாடியிலிருந்து நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார். "ஏஞ்சாமி, கரண்ட் போயிருச்சா? சத்தத்தையே காணம்?"

"கரண்ட் இருக்குதுங்கப்பா."

அவர் படியிறங்கத் தொடங்கினார். அவர் கீழே வருவதற்குள் சத்யப்பிரியா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். வாங்கின உண்மை நாற்பத்தொன்று. கொடுத்தது இரண்டாயிரத்து ஐம்பது. புதன்கிழமைக்குள் தைக்க வேண்டிய சட்டை ஒன்பதாயிரம். மெஷின் முப்பத்திரண்டு, வந்த ஆள் ஒன்று. பாக்கி முப்பத்தொன்று.